1-0-1க்குள் அடங்காத மாத்திரை

மெடிக்கல் ஷாப் கவரில் எழுதித் தரும் 1-0-1 தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் யாரும் கிடையாது. காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இந்த மூன்று எண்களைப் பார்த்து சரியாக மாத்திரை போட்டுக்கொள்வார். பிரஷர், சுகர், தைராய்டு, காய்ச்சல் எல்லாமே இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும். உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்புதான். ஒரே ஒரு குறை. "இன்றைக்குப் போட்டுக்கொள், அடுத்த ஆறு நாளைக்குத் தொடாதே" என்று சொல்ல இதில் இடமே இல்லை.

அப்படிச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு மாத்திரை இருக்கிறது. பெயர் மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுப்பது. அதைத் தினமும் சாப்பிட்டால் ஆள் உயிருக்கே ஆபத்து. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே, வாரம் ஒருமுறைக்குப் பதில் தினமும் சாப்பிட்டதால் மரணங்கள் நடந்திருக்கின்றன என்று எச்சரித்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ இதழ்களிலும் இப்படி மாற்றிச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பற்றிய அறிக்கைகள் பலமுறை வெளிவந்துள்ளன.

ஏன் இப்படி? அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பயாலஜி வேண்டும். (காமர்ஸ் நண்பர்கள் ஓடிவிட வேண்டாம், கடைசியில் எல்லாம் ஸ்டாக் கணக்குதான் :-) )

உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் தன் டி.என்.ஏ.வை அப்படியே இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அதற்கு நான்கு எழுத்துகள் தேவை. அதில் ஒன்றான தைமினைத் தயாரிக்க, கீரையிலும் பயறிலும் கிடைக்கிற ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். மாத்திரையாக வரும்போது அதன் பெயர் ஃபோலிக் ஆசிட். இந்த ஃபோலேட் ஒரு சுமைகூலி மாதிரி. ஒரு கார்பன் அணுவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும். கொடுத்த பிறகு வெறுங்கையோடு நிற்கும். மறுபடி அதை வேலைக்குத் தயார்படுத்த ஒரு என்சைம் இருக்கிறது. அந்த என்சைம் நின்றால் சுமைகூலி வரிசை அப்படியே நின்றுவிடும், தைமின் தயாராகாது, டி.என்.ஏ. பாதியில் நிற்கும்.

மெத்தோட்ரெக்ஸேட் செய்வது இவ்வளவுதான். அது பார்க்க ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும். ஓரிடத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன், இன்னோரிடத்தில் கூடுதலாக ஒரு சின்ன மீதைல் ஒட்டு. மற்றபடி அச்சு அசல். என்சைம் இதை நிஜமான சரக்கு என்று நம்பிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு விட முடிவதில்லை. அசலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிற நகல் அது. பூட்டுக்குள் நுழைந்து அங்கேயே உடைந்துபோன கள்ளச்சாவி மாதிரி. அதற்குப் பிறகு சரியான சாவியைக் கொண்டுவந்தாலும் பூட்டு திறக்காது.

இந்த வகை மருந்துகளுக்குப் பொதுப்பெயர் ஆன்ட்டிமெட்டபொலைட். எல்லாமே நகல் வேலைதான். 1950களின் தொடக்கத்தில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின், டி.என்.ஏ.வின் இன்னொரு மூலப்பொருளில் ஆக்சிஜனை எடுத்துவிட்டு கந்தகத்தை வைத்த நகல். (இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.) 1957-ல் வந்த 5-ஃப்ளோரோயுராசில், ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஃப்ளோரினைச் செருகிய நகல். ஃப்ளோரின் என்றதும் தர்மபுரிக்காரர்களுக்குப் பல் கறை ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதைக்கும் பிறகு வர வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளுக்குப் புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. வேகமாகப் பிரிகிற செல் எதுவோ அதுதான் முதலில் அடிவாங்கும். எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், வாயின் உள்தோல், முடி வேர் எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை. "பக்கவிளைவு" என்று சொல்லி இதை ஓரமாக ஒதுக்கி வைப்பது சரியான பேச்சே இல்லை. மருந்தின் வேலையே அதுதான், வேண்டாத இடத்திலும் அதே வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். எனவே இந்த மருந்தில் எவ்வளவு என்ற கேள்வியைவிட எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கேள்வி பெரியது.

ஒரு பந்த் அறிவிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு நாள் பந்த் என்றால் ஊருக்குப் பெரிய நஷ்டமில்லை. மறுநாள் லாரி வரும், கடை திறக்கும், காய்கறி வந்துவிடும். அதே பந்த் தொடர்ந்து ஏழு நாள் நடந்தால்? முதலில் பால் காலி, அப்புறம் தக்காளி, அப்புறம் மளிகை. தினம் தினம் புதிதாக வர வேண்டிய சரக்குதான் முதலில் தீரும். உடம்பிலும் அதே வரிசைதான். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. கிருமிகளோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களில் பெரும்பான்மை ரத்தத்தில் ஒரு நாள் போலத்தான் தாங்கும். ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் எட்டு முதல் பத்து நாள். சிவப்பணுக்கள் 120 நாள். ஆக, உற்பத்தி நின்றால் முதலில் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு. பின்னாலேயே வெள்ளணு குறைந்து காய்ச்சல், தட்டணு குறைந்து ரத்தக்கசிவு. சிவப்பணு குறைவது தெரிவதற்கு முன்பே ஆள் படுத்துவிடுவார்.

இன்னொரு வினோதம். ஒரே நாளில் ஒருவர் தவறிப்போய் நாலைந்து மாத்திரை அதிகமாக விழுங்கிவிட்டால்கூட, சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். ஆனால் சின்ன சின்ன அளவைத் தினமும் ஒரு வாரம், பத்து நாள் சாப்பிட்டவர்தான் மோசமாகப் பாதிக்கப்படுகிறார். மருந்து செல்லுக்குள் போனதும் அதற்கு ஒரு வால் ஒட்டிக்கொள்கிறது. அதனால் சீக்கிரம் வெளியே வராமல் நாள்கணக்கில் உள்ளேயே தங்குகிறது. வாரம் ஒருமுறை கொடுத்தாலே போதும் என்பதற்கும், நடுவில் இடைவெளி விட்டே ஆக வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, கதைக்கு வரலாம். இந்த வைட்டமினும் அதன் நகலும் இரண்டுமே இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, மில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-ல் கொஞ்ச நாள் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும், 1931-ல் சென்னையில் இப்போது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியிருக்கிற ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட்டைக் கொடுத்தால் அந்த ரத்தசோகை சரியாகிறது என்று கண்டார். அதற்குள் இருந்த பொருள்தான் பிறகு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது.

அந்த ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் செய்து காட்டிய லெடர்லி கம்பெனி குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்திக்கொண்டு போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு அமெரிக்கா போனவர். ஃபோலேட் குறைபாட்டோடு சேர்ந்து வரும் ஸ்ப்ரூ என்ற நோயில் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப்புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்வதைக் கண்டார். அப்படியானால் இதற்கு எதிரானதைக் கொடுத்தால்? சுப்பாராவ் குழு நகலைத் தயாரித்துக் கொடுத்தது. அந்த நகல்களில் ஒன்றின் பெயர் அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது என்று எழுதினார். அந்தக் குணம் சில மாதங்களே நீடித்தது என்பதும் உண்மை. ஆனால் ரத்தப்புற்றுநோயை ஒரு மருந்தால் பின்வாங்க வைக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

ஆக, ஒரே பரிசோதனைச் சாலையில் பிறந்த இரட்டையர்கள். ஒருவன் ரத்தம் ஊற வைப்பவன், மற்றவன் ஊறாமல் தடுப்பவன். இரண்டு பொருளும் இயற்கையிலேயே மஞ்சள். மாத்திரைகளும் பெரும்பாலும் சின்னதாக, மஞ்சளாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு கம்பெனிப் பெயர்களைப் பாருங்கள். இந்தியாவில் நிறைய விற்கிற ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட். ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். இரண்டும் "ஃபோல்" என்றே ஆரம்பிக்கின்றன. முடக்குவாத நோயாளிக்கு இரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் வழக்கம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள், அதன் தொந்தரவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மற்ற நாட்களில். இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விஷம் ஆறு நாள், மாற்று ஒரு நாள்.

இப்போது தர்மபுரிக்கு வரலாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே இந்த ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான். பல வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்த பெரியவர்களுக்குப் பல் கறையோடு எலும்பு, மூட்டு வலியும் இருக்கும். அந்த வலிக்கு மெத்தோட்ரெக்ஸேட் மருந்தே கிடையாது. ஆனால் மூட்டு வலி என்பது ஊரில் பொதுவான சொல். முடக்குவாதம், எலும்புத் தேய்மானம், ஃப்ளோரோசிஸ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடும். "அக்காவுக்குக் கேட்டுச்சு, எனக்கும் ரெண்டு குடு" என்று மாத்திரை கைமாறுவது எந்த ஊரில் இல்லை? பாராசிட்டமால் கைமாறினால் பரவாயில்லை.

அடுத்தது தூரம். முடக்குவாதத்துக்கென்றே படித்த டாக்டரைப் பார்க்க மாவட்டத்தில் பலர் சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகன் அங்கேயே அம்மாவை அழைத்துப்போய்க் காட்டுவார். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதுவார், கன்னடத்தில் விளக்குவார். மகன் தலையாட்டுவார். ஒரு மாதம் கழித்து அம்மா ஊரில் இருக்கிறார், மகன் வேலையில் இருக்கிறார், மாத்திரை தீர்ந்துவிட்டது. பழைய அட்டையை எடுத்துக்கொண்டு பேரன் மெடிக்கலுக்குப் போகிறான். கடையில் கூட்டம். அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்து, கவரில் போட்டு, கைப்பழக்கத்தில் 1-0-0 என்று எழுதித் தந்தால் முடிந்தது கதை. கத்தரித்த துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். எச்சரிக்கை இருந்திருந்தால் அது கடையிலேயே மீதித் துண்டில் தங்கிவிடும்.

இதில் யார் தப்பு? டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கடைக்காரர் கேட்டதைத்தான் கொடுத்தார். பேரன் சொன்னதைத்தான் வாங்கினான். ஒவ்வொருவரும் தன் பங்கைச் செய்து முடித்த பிறகும் ஒரு உயிர் போகிறது என்றால், குறை அந்த அட்டையிலும் கவரிலும் இருக்கிறது. படிப்பறிவில்லாத ஜனங்கள் என்று பழியைத் தூக்கி நோயாளி தலையில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் படித்த இங்கிலாந்திலும் இதே தவறு நடந்தது. 2000-ல் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு நோயாளி இப்படி இறந்து, தனி விசாரணையே நடந்தது. 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமை புதிய கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. வெளி அட்டையிலும் உள் அட்டையிலும் வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை, நோயாளி கையில் வைத்துக்கொள்ள ஒரு கார்டு, பாட்டிலில் கொட்டி விற்காமல் அட்டையில்தான் விற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தன. அவர்கள் பாட்டிலை ஒழித்தார்கள். இங்கே அட்டை இருந்தும் கத்தரி அதை ஒழிக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் உள்ள படலத்தில், எங்கே கத்தரித்தாலும் தெரிகிற மாதிரி, "வாரம் ஒருமுறை மட்டும்" என்று தமிழில் அச்சிட வேண்டும். ஏற்கெனவே மை ஓடுகிற படலம்தான், கூடுதலாக மூன்று சொல். பத்து மாத்திரை அட்டைக்குப் பதில் நான்கு மாத்திரை அட்டை போட்டால் அதுவே ஒரு மாதக் கணக்கு, கத்தரிக்கே வேலையில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மொழி மாற்றி அச்சிட முடியாது, சரக்கு எந்த ஊருக்குப் போகும் என்று கம்பெனிக்கே தெரியாது என்று சொல்வார்கள். நியாயமான வாதம்தான். அதற்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. தான் வாங்கும் அட்டையில் அரசு சப்ளை, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட வைக்கிறது. மொத்தமாக வாங்குபவர் சொன்னால் விற்பவர் அச்சிடுவார். வியாபாரத்தில் இது அரிச்சுவடி. டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவருக்காவது அந்த மூன்று சொல் கிடைக்கும். தனியார் கடைகளுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். 2015-ல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகளே நோயாளிக்கு விளக்கிச் சொல்வதைப் பார்மசிஸ்ட்டின் கடமையாகத்தான் வைத்திருக்கின்றன.

இன்னொன்று, கிழமை. "வாரம் ஒருமுறை" என்பதே நழுவக்கூடிய வார்த்தை. போன வாரம் புதனா வியாழனா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? சீட்டிலேயே "ஞாயிறு" என்று கிழமையைத் தமிழில் எழுதிவிட்டால் அது ஞாயிறு மாத்திரை ஆகிவிடும். கறி எடுக்கும் நாள் யாருக்கும் மறக்காது. இது புதுசும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தெரியும். அதிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. குறிப்பிட்ட கிழமை, டீச்சர் முன்னால், சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். அசலுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்யத் தெரிந்த நாட்டில் நகலுக்கு ஒரு கிழமை குறித்துக் கொடுக்க முடியாதா?

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது இன்னொரு கொடுமை. "இது கேன்சர் மாத்திரையாமே" என்று நெட்டில் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போகாமல் காப்பாற்றுகிற மருந்துகளில் முதல் வரிசையில் நிற்பது இதுதான். இதற்கு மேல் போனால் பயாலஜிக் ஊசிகள். அவை கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத விலை. வாரம் ஒருமுறை, டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, இவ்வளவையும் கடைப்பிடித்து வருஷக்கணக்காக நன்றாக இருப்பவர்கள் ஏராளம். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் மட்டும் தொடவே கூடாது. வளரும் கரு என்பது முழுக்க முழுக்கப் பிரியும் செல்தானே.

சிறுநீரகம் பலவீனமானவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மருந்து வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான். வயிற்றுப்போக்கு, வெயிலில் தண்ணீர் வற்றிப்போவது, கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை எல்லாம் மருந்தை உள்ளேயே தேக்கிவிடும். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை இதோடு சேர்க்கவே கூடாது. அதுவும் ஃபோலேட்டின் வழியை மறிக்கிற இன்னொரு நகல்.

வீட்டில் யாராவது தவறுதலாகத் தினமும் சாப்பிட்டிருந்தால் வாய்ப்புண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே அட்டையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய்ப்புண் வந்துவிட்டால் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. வீட்டில் இருக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் அந்த நேரத்தில் காப்பாற்றாது. அது வேலை செய்ய வேண்டுமானால் அடைபட்டுக் கிடக்கிற அதே என்சைம் வழியாகத்தான் போக வேண்டும். லூகோவோரின் என்ற மருந்து அந்த என்சைமைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போகும். எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது. டாக்டரிடம் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் தொடர்ந்து சாப்பிட்டார்.